நாற்பதாயிரத்தில் ஒன்று

மதுரைப் பக்கம் குழம்புக்குக் கல்லுப்பு போட்டால்தான் ருசி என்பார்கள். தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருக்க, வேறென்ன வேணும்? ஆனா கடலில் விளைந்த உப்பாக இருந்தாலும் அதில் இயற்கையா இருக்கிற அயோடின் ரொம்பக் குறைவு. அதனால்தான் 1962-ல் முன்கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2006-ல் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடையும் வந்தது. அப்படியும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளில், அயோடின் உப்புப் பயன்பாட்டில் தமிழ்நாடு பின்வரிசையில்தான் நின்றது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்கணும் என்பது விதி. 10 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை அவ்வளவுதான். அதே 10 கிராமில் குளோரைடு மட்டும் 6 கிராம். அதாவது நாற்பதாயிரத்தில் ஒரு பங்கை உடம்பு பொறுக்கி எடுக்கணும்.

தைராய்டு இதைச் செய்வது தெரிந்ததே. எச்சில் சுரப்பியும் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரான்சின் கிளாட் பெர்னார், உடம்புக்குள் போன அயோடைடு எச்சிலில் வெளிவருவதைக் கவனித்தார். ரத்தத்தில் இருப்பதைப்போல 20 முதல் 40 மடங்கு வரை அது எச்சிலில் சேரும். இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே புரதம்தான். அதன் மரபணுவை 1996-ல் நான்சி கராஸ்கோவின் குழு பிரித்தெடுத்தது. அந்தப் புரதம் குளோரைடைத் தொடுவதில்லை.

குளோரைடுக்கு வேறு வழி. சுரப்பிச் செல்கள் அதை ரத்தத்திலிருந்து இழுத்து வாய்ப்பக்கம் தள்ளும். சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே வரும். அப்புறம் நாளங்களில் உப்பை மட்டும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எச்சில் ரத்தம் அளவுக்கு உப்புக் கரிக்காததற்குக் காரணம் இதுதான். அயோடைடு அந்த நாளங்களில்தான் உள்ளே வருகிறது. நாம் எச்சிலை விழுங்கிவிடுவதால் அது வீணாவதில்லை. குடல் வழியாக மறுபடி ரத்தத்துக்குப் போய்விடும்.

சிக்கல் எங்கே? 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் தைராய்டு நோயாளிக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். இன்று தைராய்டுப் புற்றுநோய்க்கும் அது முக்கியமான மருந்து. ஆனா எச்சில் சுரப்பிக்கு நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்ற பேதம் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே சேர்க்கும். அளவு கூடினால் சுரப்பி வீங்கலாம், பழுதாகலாம். அப்போது குளோரைடைத் தள்ளும் செல்களும் சேர்ந்து கெடுகின்றன. குளோரைடு வராவிட்டால் தண்ணீரும் வராது. ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்கவேண்டியிருக்கும். அந்தச் சிகிச்சை எடுத்தவர்கள் வாய் வறண்டால், “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்க.