உடைந்த துண்டுகளிலிருந்து எழுந்த தேவாலயம்... கௌடியின் வளைவுகளை கம்ப்யூட்டர் மீட்டது எப்படி?

பார்சிலோனாவின் சக்ராடா ஃபமீலியா தேவாலயத்தை ஏதாவது ஒரு ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். மரம்போலக் கிளை பிரியும் தூண்கள், பூப்போல விரியும் கூரை. 'இதையெல்லாம் எப்படிப்பா வரைஞ்சாங்க?' என்று தோன்றும். அதைவிடப் பெரிய கேள்வி, வரைந்தவர் இறந்து, வரைபடங்களும் எரிந்துபோன பிறகு இதை எப்படிக் கட்டினார்கள் என்பதுதான்.

1936-ல் என்ன நடந்தது?

1882-ல் தொடங்கிய கட்டுமானம், அடுத்த ஆண்டே அன்டோனி கௌடியின் கைக்கு வந்தது. 1926-ல் டிராம் மோதி அவர் இறந்தபோது சிறு பகுதிதான் முடிந்திருந்தது. மீதிக்கு அவர் விட்டுச்சென்றவற்றில் முக்கியமானவை பிளாஸ்டர் மாதிரிகள். 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடித்ததும், பட்டறைக்குள் புகுந்த கும்பல் வரைபடங்களை எரித்து, மாதிரிகளை உடைத்துப் போட்டது. பொறுக்கி எடுத்த துண்டுகளும், ஏற்கெனவே வெளியாகியிருந்த சில படங்களும்தான் மிச்சம்.

'இனிமேல் கட்டுவது கௌடியின் கட்டடமாக இருக்காது, நிறுத்துங்கள்' என்று 1965-ல் கட்டடக் கலைஞர்களும் அறிவுஜீவிகளும் பகிரங்கமாகவே கடிதம் எழுதினார்கள். ஆனாலும் வேலை நிற்கவில்லை.

வளைவுக்குள் நேர்கோடு

இரண்டு வளையல்களை மேலும் கீழுமாகப் பிடித்து, சுற்றிலும் நூல்களை நேராக இழுத்துக் கட்டுங்கள். இப்போது மேல் வளையலை மட்டும் லேசாகத் திருப்புங்கள். நடுவில் இடுப்புபோல ஒடுங்கும். நூல்கள் எல்லாம் நேர்கோடுதான், ஆனால் கண்ணுக்குத் தெரிவது வளைவு. இதற்குப் பெயர் ஹைப்பர்போலாய்ட். கௌடி தன் கடைசி ஆண்டுகளில் ஜன்னல், கூரை எல்லாவற்றையும் இதுபோன்ற நேர்கோட்டுப் பரப்புகளால்தான் வடிவமைத்தார்.

அதுதான் பின்னால் வந்தவர்களைக் காப்பாற்றியது. மனம்போன போக்கில் இழுத்த வளைவு உடைந்தால், காணாமல்போன பாகத்தை ஊகிக்கத்தான் முடியும். விதிப்படி அமைந்த வளைவு என்றால் அதன் மையம் எங்கே, எந்தப் பக்கம் சாய்கிறது, இடுப்பு எவ்வளவு அகலம் என்று சில எண்கள் கிடைத்தால் போதும். முழு உருவமும் திரும்ப வந்துவிடும்.

விமானத் துறையின் சாஃப்ட்வேர்

நியூசிலாந்தைச் சேர்ந்த மார்க் பர்ரி, 1979-ல் மாணவராக இருந்தபோதே இந்தப் பணியில் சேர்ந்தார். துண்டுகளை அளந்து, பரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் விளிம்புகளையும் அவை சந்திக்கும் புள்ளிகளையும் முதலில் கையாலேயே வரைந்தார்கள். ஓர் எண்ணை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டும்!

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆனால், அன்றைய கட்டடக்கலை சாஃப்ட்வேர்களுக்கு இந்த வளைவுகள் பிடிபடவில்லை. அதனால் விமான வடிவமைப்பில் பயன்பட்ட சாஃப்ட்வேரை எடுத்துக்கொண்டார்கள். எண்ணை மாற்றினால் உருவம் தானாக மாறும். துண்டோடு பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். இப்படி எழுந்த உள்மண்டபத்துடன், 2010-ல் தேவாலயத்தைப் போப் பதினாறாம் பெனடிக்ட் புனிதப்படுத்தினார்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் கைகொடுக்காது. சிலைகளுக்கு ஏது சமன்பாடு? மேற்கு முகப்பில் ஜோசப் மரியா சுபிராக்ஸ் தன் பாணியிலேயே கூர்மையான முகங்களைச் செதுக்கினார். 'இதில் கௌடி எங்கே?' என்ற சண்டை அங்கே பலமாகவே நடந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

* மொபைலில்: ஜியோஜீப்ரா 3டி ஆப்பில் 'இசட் = எக்ஸ் × ஒய்' என்ற சமன்பாட்டைக் கொடுங்கள். குதிரைச் சேணம்போல ஒரு பரப்பு வரும். இதுவும் முழுக்க நேர்கோடுகளால் ஆனதுதான்.

* லேப்டாப்பில்: பிளெண்டர் சாஃப்ட்வேர் இலவசம். மைய அச்சிலிருந்து சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் சாய்ந்த ஒரே ஒரு கோட்டை வைத்து, 'ஸ்க்ரூ' மாடிஃபையரில் 360 டிகிரி சுழற்றுங்கள். வளையல் விளையாட்டில் பார்த்த அதே இடுப்பு வரும்.

* பழைய கட்டடம், நாற்காலி என எதை மாடல் செய்தாலும் புள்ளி புள்ளியாக இழுத்து காப்பி அடிக்க வேண்டாம். எந்தக் கோடு, எதைச் சுற்றி, எவ்வளவு திரும்பியது என்று முதலில் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் அளவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.