உரிமமும் கைத்திறனும்

சட்டைப்பையில் அடங்கும் வானொலிப் பெட்டி ஒரு காலத்தில் நேயர்களுக்குப் பெருவியப்பாக இருந்தது. மின்சாரம் எட்டாத சிற்றூரிலும், வயல் வரப்பிலும் அது பாடிற்று. அச்சிறு கருவியின் வரலாற்றில், அயல்நாட்டுத் தொழிற்சாலையோடு கூடித் தொழில் நடத்துவோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு.

டிரான்சிஸ்டர் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதைத் தயாரிக்கும் உரிமத்தை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி வழங்கி வந்தது. 1952-இல் அமெரிக்கா சென்ற ஜப்பானியரான மஸாரு இபுகா, 25,000 டாலருக்கு அவ்வுரிமம் கிடைக்கும் என்று அறிந்தார். அவரும் அகியோ மொரிட்டாவும் 1946-இல் டோக்கியோவில் தொடங்கிய சிறு கம்பெனியே 1958-இல் ஸோனி எனப் பெயர் மாறியது. மொரிட்டா 1953-இல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஆனால் போரினால் நலிந்த ஜப்பானில் அந்நியச் செலாவணி அரும்பொருளாக இருந்தது; ஆகவே அரசாங்க அனுமதி 1954 தொடக்கத்தில்தான் கிடைத்தது. உரிமம் தந்தவர்கள், செவிப்புலன் குறைந்தோருக்கான கருவி செய்வதே உசிதம் என்றனர். வானொலி அலைகளின் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு அந்நாளைய டிரான்சிஸ்டர் எளிதில் ஈடுகொடுக்காது. இபுகாவோ வானொலிப் பெட்டியே செய்வதெனத் துணிந்தார்.

இங்கு நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உரிமம் என்பது, செய்யலாம் என்னும் அனுமதியே. செய்யும் திறன் அதனுள் அடங்குவதில்லை. அத்திறனைத் தேடி, 1954-இல் கஸுவோ இவாமா அமெரிக்கத் தொழிற்சாலைகளைக் காணச் சென்றார். உள்ளே புகைப்படம் எடுக்க வழியில்லை. பகலில் கண்டதை மனத்தில் பதித்து, இரவில் விடுதியில் அமர்ந்து, படம் வரைந்து கடிதங்களாக டோக்கியோவுக்கு அனுப்பினார். அவற்றைத் துணையாகக் கொண்டு அங்கிருந்த பொறியாளர்கள் யந்திரங்களைத் தாமே அமைத்தனர். அவர் திரும்புமுன்பே டிரான்சிஸ்டர் ஒன்றைச் செய்தும் முடித்தனர்.

எனினும் வானொலிக்கு ஏற்ற டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கியபோது, நூற்றில் ஐந்தே தேறின. அவற்றைக் கொண்டே 1955 ஆகஸ்டில் டிஆர்-55 என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அமெரிக்காவின் ரீஜென்சி பெட்டி 1954 அக்டோபரிலேயே வெளிவந்து முந்திக்கொண்டது மெய்தான். ஆயினும் டோக்கியோ பொறியாளர்கள் கழிவைக் கண்டு சோர்ந்துவிடவில்லை; ஜெர்மானியத்துடன் பாஸ்பரஸைச் சேர்க்கும் புதுமுறையைக் கண்டனர். பாஸ்பரஸ் மிகுந்து பழுதான டிரான்சிஸ்டர்களை லியோ எஸாகி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1957-இல் எலெக்ட்ரான்களின் புதிய இயல்பு ஒன்றை வெளிப்படுத்தியது. அதற்காக அவர் 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். கழிவுத் தொட்டிக்குரிய பண்டமே விஞ்ஞானத்துக்கு விருந்தாயிற்று.

இவாமா கடிதங்கள் எழுதிய அதே 1954-இல், நம் நாட்டில் பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில், ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் ஒத்துழைப்புடன் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவப்பட்டது. வானொலி வால்வுகளை 1961-இலும், ஜெர்மானியக் கருவிகளை 1962-இலும் அது தயாரிக்கலாயிற்று. அயல்நாட்டார் துணையை நாடுவது இழுக்கன்று. அத்துணை எத்தனை ஆண்டுகளுக்குத் தேவை என்பதை, கற்பவனின் முயற்சியே நிர்ணயிக்கிறது. உரிமத்துக்கு விலை உண்டு. அதைப் பணத்தால் தீர்த்துவிடலாம். கைத்திறனுக்கோ, பழுதான தொண்ணூற்றைந்தையும் பொறுமையோடு ஆராய்வதே விலை.