555 நோட்டு

பத்து காஜா தோட்டங்களில் எங்க தாத்தா தலைமுறைக்குச் சமூகப் பொறுப்புன்னா மளிகைக்கடைக்காரர்தான். காசில்லாத நாளிலும் அரிசி, கருவாடு கொடுப்பார். 555 நோட்டில் எழுதி, சம்பளத்தன்று கழிப்பார். பசி தீர்ந்தது, உண்மை. ஆனால் எழுதியவரும் கூட்டியவரும் அவரே. படிக்கத் தெரியாதவங்க அவர் சொன்ன தொகையை நம்பணும்.

1844இல் இங்கிலாந்தின் ரோச்டேலில் தொடங்கிய கூட்டுறவுக் கடை இதை மாற்றியது. வாங்குபவரே உரிமையாளர், வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு, கணக்கும் கேட்கலாம். 1922 கூட்டுறவுச் சட்டத்தோடு அந்த எண்ணம் மலாயாவுக்கும் வந்தது. தோட்டங்களில் அது சிக்கனக் கடன் சங்கமாக வேரூன்றியது. கடைகள் பெரும்பாலும் கடைக்காரர்களிடமே இருந்தன.

இன்றைய பேரங்காடிகள் பள்ளிப்பை கொடுத்து, ஆண்டறிக்கையில் படம் போடுகின்றன. பிள்ளைகளுக்குப் பை உதவும், வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறிக்கையும் கடைக்காரரே எழுதும் நோட்டு. வாங்குபவர் கணக்குக் கேட்க இடமிருந்தால்தான் அதைப் பொறுப்பு என்பேன்.