தளும்பும் பாரம்

புத்தளத்துக் கரையோரம் உப்புக்கும் கொப்பரைக்கும் பெயர் பெற்றது. இவ்விரண்டையும் சுமப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூட்டையாகக் கட்டி ஏற்றினால் வைத்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் கள், மண்ணெண்ணெய், பெற்றோல், வறட்சிக் காலத்தில் குடிநீர் எனத் திரவப் பொருள்களும் இக்கரையோரமாகவே சென்று வந்திருக்கின்றன. திரவமோ வைத்தது வைத்தபடி கிடப்பதன்று. அதனைச் சுமக்க மனிதன் கற்ற வரலாறுதான், இன்று பவுசர் வண்டியின் சாரதியாசனத்திற் புதிதாக அமரும் இளைஞன் கற்கவேண்டிய பாடமும் ஆகும்.

பண்டைக் காலத்தார் இச்சிக்கலை எளிய முறையில் தீர்த்தனர். கலத்தைச் சிறிதாக வைத்தனர். அதனை நிரப்பி மூடினர். தென்னை மரங்களுக்கிடையே கட்டிய கயிற்றின் மேல் நடந்து கள் இறக்கியவன் முட்டியையே நம்பினான். கடலோடிகள் பீப்பாயை நம்பினர். ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை விரிந்த வாய்க்காற் பாதையில், கழியால் உந்தியும் கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினர். அத்தகைய மெல்லிய ஓட்டத்தில் எப்பாரமும் பெரிதாகக் குலுங்க வழியில்லை. நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழியை நாம் கல்விச் செருக்கை இடித்துரைக்கவே எடுத்தாளுகிறோம். முதலில் அது நீர் சுமந்த பெண்களின் தொழிலறிவாகவே இருந்திருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் வந்தபோதும் தொடக்கத்தில் இதே முறைதான் நிலவியது. தகரங்களில் அடைத்து, மரப்பெட்டிகளில் வைத்துக் கீழைத்தேயங்களுக்கு அனுப்பினர். கப்பலின் வயிற்றையே தொட்டியாக்கி எண்ணெயை மொத்தமாக ஊற்றி அனுப்பலாம் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் வலுப்பெற்றது. மார்க்கஸ் சாமுவேல் என்பாரின் மியூரெக்ஸ் என்னும் கப்பல் 1892ஆம் ஆண்டில் சுயெஸ் கால்வாயைக் கடந்தது. அக்கால்வாய் வழியே சென்ற முதல் எண்ணெய்த் தாங்கிக் கப்பல் அதுவே. தொட்டியைப் பல அறைகளாகப் பிரித்தமைத்தாலன்றி இத்தகைய கப்பல்கள் பாதுகாப்பாக ஓட முடியா. பெரிய தொட்டி அரைகுறையாக நிரம்பியிருந்தால், கப்பல் சாயும் பக்கத்துக்கே எண்ணெயும் ஓடி அதனை மேலும் சாய்க்கும்.

கடலிற் கற்ற இவ்வறிவே பின்னர் தரைக்கும் வந்தது. இலங்கையில் நாம் வழங்கும் பவுசர் என்ற சொல், சில்வானஸ் பவுசர் என்னும் அமெரிக்கரின் பெயரிலிருந்து பிறந்தது. அவர் 1885ஆம் ஆண்டில் போர்ட் வேன் நகரத்துக் கடைக்காரர் ஒருவருக்கு விற்றது மண்ணெண்ணெய் இறைக்கும் பம்பி ஒன்றேயாம், வண்டியன்று. பெயர் மட்டும் பம்பியிலிருந்து வண்டிக்குத் தாவிவிட்டது.

இலங்கையில் எண்ணெய் வணிகம் நெடுங்காலம் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் ஆகிய பிறநாட்டுக் கம்பனிகளின் கையில் இருந்தது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. கம்பனிகளின் சொத்துக்களிற் சில அரசுடைமையாயின. நட்டஈட்டுப் பிணக்கினால் 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1964இல் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் வசமாயிற்று. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. அரசியல் மாறியதேயன்றி, கொலன்னாவையிலிருந்து சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் எண்ணெய் கொணரும் சாரதியின் தொழில் மாறவில்லை.

அத்தொழில் யாது? மா ஓயாவைக் கடந்து மாவட்டத்துள் நுழையும் பெருந்தெரு, தெதுறு ஓயாவைத் தாண்டி, முந்தல், பாலாவி வழியே புத்தளம் செல்கிறது. மலையில்லை, ஏற்றமில்லை. சமதரையில் ஓட்டுவது எளிதென்றே புதியவன் எண்ணுவான். அங்கேதான் அவன் ஏமாறுகிறான். பிரேக்கை அழுத்தியதும் வண்டி நிற்க முற்படும். உள்ளிருக்கும் திரவமோ முன்னோக்கி ஓடிச் சுவரில் மோதும். வண்டி நின்றபின்னும் அலை பின்சென்று மீண்டும் வந்து மோதும். மழையில் நனைந்த தெருவில், நின்ற வண்டியையே அது புகையிரதக் கடவைக்குள் தள்ளிவிடவும் கூடும். ஆதலின், முதிர்ந்த சாரதி வண்டி நின்றவுடன் காலை எடுப்பதில்லை. அலை அடங்கும்வரை அழுத்தியபடியே காத்திருப்பான்.

தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் உண்டு. அவை முன்பின்னாக எழும் அலையின் வேகத்தைக் குறைக்கும். பக்கவாட்டில் எழும் அலையைத் தடுக்கமாட்டா. வளைவில் திரவம் வெளிப்புறமாக ஏறும். பாரத்தின் மையமும் அதனோடு நகரும். ஆகையால் வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். குறுக்கே ஓடிய மாட்டுக்கு அஞ்சிச் சக்கரத்தை ஒருபுறம் வெட்டி, உடனே மறுபுறம் திருப்புபவன் ஓரலைமேல் இன்னோரலையை ஏற்றுகிறான். இத்தகைய கணங்களிலே பவுசர்கள் கவிழ்வதுண்டு.

இன்னுமொன்றை நேயர்கள் கவனித்தல் நன்று. நிறைந்த பவுசரைக் காட்டிலும் அரைகுறையாக நிரம்பியதே பொல்லாதது. எண்ணெய்ப் பவுசரின் தொட்டி தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருத்தலால், ஓர் ஊரில் ஓரறையை முற்றாக வெறுமையாக்கிச் செல்லலாம். ஆயினும் எவ்வறையை முதலில் இறக்குவது என்பதும் ஒரு கணக்கே. முன்னறைகளை முதலிலே காலிசெய்தால் முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறைந்து, திருப்பம் பிடிகொடாது. சிலாபத்தில் ஓட்டிய அதே வண்டி கற்பிட்டியை அடையும்போது வேறொரு வண்டியாகிவிடுகிறது.

குடிநீர்ப் பவுசரின் நிலை இதனினும் கடினம். கிணற்று நீர் உவர்த்துப்போகும் வறட்சி நாள்களில், ஒரே அறையுள்ள தொட்டியோடு அது ஊரூராகச் சென்று குடம் குடமாக நீர் வழங்குகிறது. நாள் முழுவதும் அது குறைகுடமே. கள் ஏற்றும் பவுசரிலும், உட்புறத்தைக் கழுவ வசதியாகத் தடுப்பில்லாத தொட்டி அமைந்துவிட்டால் அலைக்கு எவ்விதத் தடையுமில்லை. எண்ணெய் என்றால் அஞ்சும் புதியவன், தண்ணீர்தானே என்று இவ்வண்டியில் அசட்டையாக ஏறுவது பெரும் பேதைமை.

அவ்வாறாயின் விளிம்புவரை நிரப்பிவிடலாமே எனில், அதுவும் ஆகாது. பத்துப் பாகை வெப்பம் கூடினால் பெற்றோல் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு பெருகும். 10,000 லீற்றர் கொண்ட தொட்டியில் அது 100 லீற்றர். விரிவுக்கு இடம் விட்டே ஏற்றுதல் வேண்டும். 1978ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் லொஸ் அல்பாகெஸ் என்னும் கூடார விடுதியருகே, அளவுக்கு மீறி எரிவாயுத் திரவம் ஏற்றப்பட்ட தாங்கி வண்டி ஒன்று வெடித்தது. விடுமுறைக்கு வந்திருந்தோர் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2022இல் எரிபொருள் அருகி, மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, பவுசரின் வருகைக்காக ஊரே தெருவை நோக்கியிருந்தது. விரைந்து வா என்று அனைவரும் வேண்டும் வேளையிலும் வளைவுக்கு முன்னே மெதுவாகச் செல்லும் துணிவு புதியவனுக்கு எளிதில் வாய்ப்பதன்று. முதிர்ந்த சாரதியின் பக்கத்திலே பலநாள் அமர்ந்து கண்டால்தான் அது வரும்.

கற்பிட்டியில் கடைசி அறையும் இறங்கியபின், அலை ஓய்ந்து வண்டி இலேசாகத் திரும்புகிறது. எனினும் பெற்றோல் போன இடத்தை அதன் ஆவி பிடித்துக்கொள்கிறது. காற்றோடு கலந்த அவ்வாவி பற்றிக்கொள்ள ஒரு சிறு பொறி போதும். எனவே வெறுந்தொட்டியின் அருகிலும் சாரதி பீடி பற்றவைப்பதில்லை. ஆவியை முற்றாக வெளியேற்றாமல் அதனை ஒட்டுவேலைக்குக் கொடுப்பதுமில்லை.