படி எங்கே, ஐயா?

1966-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு மனிதர் மனைவி மக்களோடு ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்பினார். அவர் டென்மார்க் தேசத்துக் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்ஸன். அவர் மனத்தில் பிறந்த மாளிகை ஸிட்னி துறைமுகத்து ஓரத்தில் அரைகுறையாக நின்றுகொண்டிருந்தது. 2008-ல் அவர் காலமானார். கட்டி முடிந்த மாளிகையை ஒரு தடவைகூட அவர் நேரில் வந்து பார்க்கவில்லை.

ஸிட்னி ஆபரா மாளிகையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. காற்றில் புடைத்த பாய்களைப் போன்ற வெள்ளைக் கூரைகள்! அந்த அழகை வர்ணிக்க நான் வரவில்லை. அது கட்டப்பட்ட கதைதான் எனக்கு வேண்டியது. 1959 மார்ச் 2-ஆம் தேதி வேலை ஆரம்பமாயிற்று. 1963 ஜனவரியில் முடியும் என்றார்கள். பின்னால் வந்த டாலர் கணக்கில் 70 லட்சம் செலவாகும் என்றார்கள். 1973 அக்டோபர் 20-ஆம் தேதி எலிசபெத் ராணி திறந்து வைத்தபோது பத்து வருஷம் கூடுதலாக ஓடியிருந்தது. செலவு 10 கோடியே 20 லட்சத்தை எட்டியிருந்தது.

கணக்குத் தெரியாத காலம் என்று சொல்லிவிட முடியாது. உட்ஸனின் படத்துக்குப் பரிசு கிடைத்தது 1957-ல். அதே சமயத்தில் அமெரிக்காவில், டூபான்ட் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் என்ற கம்ப்யூட்டருக்கு வேலைத் திட்டம் போடக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தார்கள். விஷயம் எளிதுதான். கூரை போட்டுக் காய்ந்தால்தான் முட்டுகளைப் பிரிக்கலாம். பிரித்தால்தான் உள்ளே பூச்சு வேலை. பூச்சு உலர்ந்தால்தான் வர்ணம். இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் சங்கிலிகளில் எது மிக நீளமோ, அதுதான் வீடு முடியும் நாளைத் தீர்மானிக்கிறது. அதில் ஒரு நாள் தவறினால் கிரகப் பிரவேசமும் ஒரு நாள் தள்ளும். வேறு வேலைகளில் கொஞ்சம் தாமதித்தாலும் பாதகமில்லை.

இன்று கட்டட வேலைக்கு வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு அந்த வம்சத்துப் பேரப்பிள்ளை. பாட்டன், சொன்ன நாட்களைக் கூட்டிப் பார்த்தான். பேரன், பழைய வேலைகளின் குறிப்புகளைப் படித்து, எங்கே தாமதம் வரும் என்று ஊகிக்கிறான். வேலைத்தலத்தில் எடுத்த புகைப்படங்களைப் படத்தோடு ஒப்பிட்டு, எழும்பாத சுவர் எது என்று காட்டுகிறான். "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்று அவனிடம் கதை அளப்பது சுலபமல்ல.

இந்தப் பேரன் அன்றைக்கு ஸிட்னியில் இருந்திருந்தால்?

அங்கே நடந்தது இதுதான். மாகாணத்தின் பிரதம மந்திரி ஜோ காஹில் அந்த மாளிகையை உயிராக நினைத்தவர். அதே மார்ச் மாதத்தில் தேர்தல் வந்தது. ஆட்சியோ ஜனங்களின் மனமோ மாறிவிட்டால் திட்டமே போய்விடும் என்ற பயம். கூரையை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே அடிப்பீடத்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். லண்டனில் ஓவ் ஆரப்பின் எஞ்சினீயர்கள் கம்ப்யூட்டரையும் துணைக்கு வைத்துக்கொண்டு கூரைக் கணக்கோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற வழி 1961-ல்தான் தெரிந்தது. அதற்குள் எழும்பியிருந்த தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கா என்று கண்டு, அவற்றைத் திருத்திக் கட்டவேண்டி வந்தது. 1965-ல் ஆட்சி மாறியது. புதிய மந்திரிக்கும் உட்ஸனுக்கும் பணவிஷயத்தில் மனஸ்தாபம் முற்றி, 1966 பிப்ரவரியில் உட்ஸன் விலகினார். காஹில் இதையெல்லாம் பார்க்கவில்லை; வேலை ஆரம்பித்த வருஷமே இறந்துபோனார்.

இயந்திரம் இருந்திருந்தால், "கூரைப் படம் எங்கே?" என்று முதல் நாளே கேட்டிருக்கும். ஆனால் கூரைப் படம் தயாராகவில்லை என்பது காஹிலுக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தேதான் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்காவிட்டால் இன்று அந்த மாளிகையே இருந்திராது என்று சொல்கிறவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் அந்த அவசரத்துக்கு உரிய விலையை உட்ஸனல்லவா கொடுத்தார்!

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் வீடு கட்டியபோது, தை மாதத்து முகூர்த்தம் தவறிவிடக்கூடாது என்று அவசரமாகக் கடைக்கால் தோண்டச் சொன்னேன். மேஸ்திரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாடிப்படி எங்கே வருது, ஐயா?" என்றார்.

"அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

கூடத்துச் சுவரை இடித்துத்தான் பிறகு படி வைத்தோம். இடித்த கூலியையும் மேஸ்திரி கணக்கில் எழுதினார். எதுவும் பேசாமல் கொடுத்தேன். கேட்கவேண்டிய கேள்வியை அவர் வேளையோடு கேட்டுவிட்டார். பதில் சொல்லாதவன் நான்தான்.