முதியோர் துணைப்பணி

முதியோர் துணைப்பணி என்பது வயது முதிர்ந்தவர்களின் இல்லத்தில் அவர்களுக்குத் துணையாக இருந்து, அன்றாடத் தேவைகளில் உதவும் ஊதியப் பணியாகும். குளிக்கவும் உடுத்தவும் உண்ணவும் நடக்கவும் உதவுதல், மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தல், வெளியே செல்லும்போது உடன் செல்லுதல், பேச்சுத்துணையாக இருத்தல் ஆகியன இதில் அடங்கும். மருத்துவச் சிகிச்சை அளிப்பது இதன் நோக்கம் அன்று. தமிழ்நாட்டில் இப்பணியில் இருப்போர் பெரும்பாலும் பெண்கள் ஆவர். இளம் வயதிலேயே இதைத் தேர்ந்துகொள்பவர்கள் உண்டு எனினும், வேறு வேலை நின்றபின்னரோ, பிள்ளைகள் வளர்ந்து குடும்பப் பொறுப்பு குறைந்தபின்னரோ, நாற்பது அல்லது ஐம்பது வயதைக் கடந்து இதற்கு வருவோர் பலர். இக்கட்டுரை தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையை ஒட்டிய திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில், நடுவயதுக்குப் பின் இப்பணிக்கு வருவதைப் பற்றியது.

பெயர்

இப்பணிக்கு நிலைபெற்ற தமிழ்ப் பெயர் எதுவும் இல்லை. மருத்துவமனை வழக்கிலிருந்து வந்த 'ஆயா', விளம்பரங்களில் காணப்படும் 'ஹோம் நர்ஸ்', 'கேர்டேக்கர்', 'அட்டெண்டர்' ஆகிய சொற்கள் கலந்து வழங்குகின்றன. இவற்றுள் 'ஹோம் நர்ஸ்' என்பது தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடியது. செவிலியர் என்பவர் செவிலியப் படிப்பை முடித்து, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர். துணைப்பணியாளர் அவ்வாறு பதிவு பெற்றவர் அல்லர். 'பேச்சுத்துணை' என்னும் பழைய சொல் பணியின் ஒரு பகுதியையே குறித்தாலும், மற்றவற்றைவிடப் பொருத்தமானது எனலாம்.

பின்னணி

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதை எட்டியவர்கள். நடுவண் அரசின் மக்கள்தொகைக் கணிப்பு, இது 2021இல் 13.6 விழுக்காடாகவும் 2031இல் 18.2 விழுக்காடாகவும் உயரும் எனக் கூறுகிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே இதைவிடக் கூடுதலான விழுக்காட்டைக் கொண்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கான சராசரிக் குழந்தைப்பேறு 1.8 ஆகும். பிள்ளைகள் ஒருவர் அல்லது இருவர். அவர்களும் வேலையின் பொருட்டு வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழ்கின்றனர். முன்பு மருமகளோ மகளோ ஊதியமின்றிச் செய்துவந்த வேலையை, ஊதியம் பெறும் ஒருவர் செய்யும் நிலை இதனால் உருவாயிற்று.

முதியோர் நலத்தைப் பொறுத்தவரை 1978ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. மருத்துவர் வி. எஸ். நடராசனின் முயற்சியால் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனி வெளிநோயாளர் பிரிவு அவ்வாண்டில் தொடங்கப்பட்டது. ஆதரவற்ற முதிய பெண்களுக்கான 'விச்ராந்தி' இல்லத்தைச் சாவித்திரி வைத்தி சென்னையில் நிறுவியதும், ஹெல்ப்பேஜ் இந்தியா அமைப்பு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மருத்துவமனை, இல்லம், தொண்டு நிறுவனம் என்று மூன்று வழிகள் திறந்தன. ஆனால் தம் வீட்டிலேயே இருக்கும் முதியவருக்கு ஊதியத்துக்கு வரும் துணை என்பது இவற்றுள் எதிலும் அடங்காமல், கேட்பாரும் கணக்கிடுவாரும் இன்றித் தானே வளர்ந்தது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. பெற்றோரைப் பராமரிக்கத் தவறும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை தொகை பெற இச்சட்டம் வழிசெய்தது. தீர்ப்பாயம் தொகையைப் பெற்றுத் தரலாம். உடன் இருக்க ஓர் ஆளைப் பெற்றுத் தர அதனால் இயலாது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2011இல் இதன் மக்கள்தொகை 37,28,104 ஆகும். 2018இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் ஆகிய வட்டங்கள் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டன. ஆந்திர எல்லைக்கு அருகே உள்ள கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் தொழில் வளாகங்கள் உள்ளன. கும்மிடிப்பூண்டி வளாகத்தில் இரும்பு உருக்கு, வார்ப்பு, வேதிப்பொருள் ஆலைகள் பல உள்ளன.

இப்பகுதி முதியோர் துணைப்பணியுடன் இரு வகையில் தொடர்புடையது. முதலாவது, இங்குள்ள பழைய தொழிற்சாலைகளின் முதல் தலைமுறையினர் இன்று முதியவர்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் 'விஜயந்தா' பீரங்கி வண்டி 1965இல் வெளிவந்தது. அப்போது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இன்று எண்பது வயதைக் கடந்தவர். ஓய்வூதியமும் சொந்த வீடும் இருந்தும், படியேற ஆள் துணை தேவைப்படும் நிலை அவருடையது.

இரண்டாவது, துணைப்பணிக்கு வரும் பெண்கள் இப்பகுதியிலிருந்தும் கிடைக்கின்றனர். தொழிற்சாலைகள் இளம் வயதினரையே விரும்பி எடுப்பது அறிந்ததே. உருக்கு ஆலைகளில் ஆண்களே மிகுதி. மின்னணு ஆலைகளில் பெண்கள் உண்டு, ஆயினும் அவர்கள் பெரும்பாலும் இளவயதினர். ஒப்பந்த முறையில் பணிபுரிந்து நாற்பது வயதில் வெளிவரும் ஒரு பெண்ணுக்கு மற்றோர் ஆலையில் இடம் கிடைப்பது அரிது. வயல் வேலையும் சுருங்கிவிட்டது. ஆனால் மாமியாரையோ தாயையோ படுக்கையில் வைத்துப் பார்த்த அனுபவம் அவருக்கு இருக்கும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் வழியாக ஒரு புறநகர் ரயில் தடமும், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியாக மற்றொன்றும் சென்னை சென்ட்ரலை அடைகின்றன. இத்தடங்களே இப்பணியின் நேரத்தையும் ஓரளவு தீர்மானிக்கின்றன. பன்னிரண்டு மணி நேரப் பகல் பணியுடன் போகவர ஆகும் நேரத்தையும் கூட்டினால் வீட்டில் இருக்கும் நேரம் உறக்கத்துக்கே போதாது. எனவே தொலைவில் வசிப்போர், வீட்டோடு தங்கும் முழுநாள் பணியை ஏற்கின்றனர்.

பணியின் தன்மை

இது வீட்டு வேலையின் ஒரு வகை என்றே பலர் எண்ணுகின்றனர். ஊதியமும் அவ்வெண்ணத்தை ஒட்டியே பேசப்படுகிறது. உண்மையில் இப்பணியின் பெரும்பகுதி, நேரும் முன்பே ஒன்றைத் தவிர்ப்பதாகும். தவிர்க்கப்பட்டது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், திறமையும் தெரிவதில்லை.

விழுதல் இதற்கு முதல் எடுத்துக்காட்டு. முதியவர்கள் பெரும்பாலும் குளியலறையிலும், இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதும் விழுகின்றனர். படுக்கையிலிருந்து உடனே எழுந்து நிற்கும்போது குருதி அழுத்தம் குறைந்து தலைசுற்றல் உண்டாகலாம். ஆகவே முதலில் எழுந்து அமரச் செய்து, காலைத் தொங்கவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பின்னரே நிற்கச் செய்ய வேண்டும். ஈரத்தரையைத் துடைத்தல், கால்மிதியை அகற்றுதல், கழிவறையில் கைப்பிடி பொருத்துமாறு வீட்டாரிடம் கூறுதல் ஆகியனவும் பணியாளரின் கவனத்தில் இருக்க வேண்டியவை.

உணவூட்டுவதும் எளிதன்று. பக்கவாதத்துக்குப் பின்னரும் மறதி நோயின் முற்றிய நிலையிலும் விழுங்கும் ஆற்றல் குறைகிறது. படுத்த நிலையில் கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். நிமிர்ந்து அமரச் செய்து, சிறு கரண்டியால், முன்வாய் விழுங்கப்பட்டதைக் கண்டபின்னரே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்கவைத்தல் ஆகாது. அன்பின் மிகுதியால் விரைந்து ஊட்டுவதே இங்கு ஆபத்து.

படுக்கையிலேயே இருப்பவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது புண்ணை மிகைப்படுத்தும். நீரிழிவு உள்ளவர் திடீரென வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சர்க்கரை குறைந்திருக்கலாம்; நினைவுடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சர்க்கரை கலந்த நீர் கொடுப்பது முதலுதவி. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், சொல் குழறுதல் ஆகியன பக்கவாதத்தின் அறிகுறிகள். காத்திராமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். ஊசி போடுதல், மூக்குக்குழாய் வழி உணவு செலுத்துதல், சிறுநீர்க்குழாய் மாற்றுதல் ஆகியன செவிலியர் பணி. செலவைக் குறைக்கும் பொருட்டு வீட்டார் இவற்றையும் துணைப்பணியாளரிடம் கேட்பதுண்டு. பயிற்சியற்றவர் இவற்றை மறுப்பதே முறை. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் மறுப்பதில்லை.

மறதி நோய் உள்ளவர்களுடன் இருத்தல் தனித்திறன் வேண்டுவது. 2023இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இறந்துபோன கணவர் எப்போது வருவார் என்று ஒருவர் நாளுக்குப் பத்து முறை கேட்டால், பத்து முறையும் 'அவர் இறந்துவிட்டார்' என்று திருத்துவது, பத்து முறை இழவுச் செய்தி சொல்வதற்கு ஒப்பாகும். கணவரைப் பற்றிப் பேசவைத்து மனத்தை ஆற்றுவதே பயன் தரும். மாலை நேரத்தில் இவர்களுக்குப் பதற்றம் கூடுவது இயல்பு. விளக்குகளை முன்னதாக ஏற்றிவைத்தல் சிலருக்கு உதவுகிறது.

நாளிதழைப் படித்துக் காட்டுதல், வெளிநாட்டுப் பிள்ளைகளுடன் காணொளியில் பேச வைத்தல், கோயிலுக்கும் வங்கிக்கும் உடன் செல்லுதல், ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அளிக்கும் உயிர்வாழ்ச் சான்றுக்கு ஏற்பாடு செய்தல் முதலியனவும் பணியில் சேர்ந்தவையே. பெயரிட்டு ஊதியம் பேச இயலாத இவ்வேலைகளுக்காகவே முதியவர்கள் பணியாளரை நாள்தோறும் எதிர்பார்க்கின்றனர்.

நடுவயதில் பணிக்கு வருதல்

வயது இப்பணியில் ஒரு தகுதியாகக் கருதப்படுகிறது. முதிய பெண்கள் தம்மைக் குளிப்பாட்ட இளம்பெண்ணைவிட நடுவயதினரையே விரும்புவதுண்டு. பேசவும் பொதுவான செய்திகள் இருக்கும். ஆனால் உடல் வேறு கணக்குச் சொல்லும். ஐம்பது வயதில் முழங்கால் வலியும் முதுகுவலியும் உள்ள ஒருவர், அறுபது கிலோ எடையுள்ள மற்றொருவரைத் தூக்க வேண்டியிருக்கிறது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பாரத்தை உடலோடு அணைத்து, முதியவரின் சொந்த வலிமையையும் பயன்படுத்தி எழுப்பும் முறையைக் கற்றால் இச்சுமை குறையும். இதைக் கற்பிக்கச் சில மணி நேரமே போதும். எனினும் கல்லாமலே ஆண்டுக்கணக்கில் பணிபுரிவோர் உளர்.

வீட்டோடு தங்குவோரின் இடர் வேறு. இரவில் பலமுறை எழ வேண்டியிருந்தும் பகலில் ஓய்வு கிடைப்பதில்லை. பொருள் காணாமற்போனால் முதல் ஐயம் இவர்மீதே விழுகிறது. உடலைத் தொட்டுக் கழுவ அனுமதிக்கும் சில வீடுகள், சாதியின் பெயரால் தனித் தட்டும் தனிக் குவளையும் வைப்பதும் உண்டு.

பயிற்சி

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதியோர் பராமரிப்பு உதவி, இல்லம்சார் உடல்நலப் பராமரிப்பு ஆகியவற்றில் சான்றிதழ்ப் படிப்புகளை வகுத்துள்ளது. நடுவண் அரசின் தேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும் முதியோர் பராமரிப்புப் பயிற்சிகளை நடத்துகிறது. இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்குப் பள்ளிக்கல்வித் தேர்ச்சி கேட்கப்படுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஐம்பது வயதுப் பெண் இதனால் விலக்கப்படுகிறார். ஏற்கெனவே வேலையில் இருப்பவரும் அவரே என்பது நகைமுரண்.

சட்ட நிலை

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ளோர் பதிவு செய்யலாம். 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. நடுவண் அரசு 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் சேர்வதற்கான வயது 16 முதல் 59 வரை. ஐம்பத்தெட்டு வயதில் இப்பணியைத் தொடங்கும் ஒருவருக்கு இவ்விரண்டிலும் காலம் மிகக் குறைவு. அறுபதை எட்டியதும் அவரும் சட்டப்படி மூத்த குடிமகன் ஆகிறார். அப்போதும் மற்றொரு மூத்த குடிமகனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை (2011) இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களையும் உள்ளடக்கியது. இவர்கள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். 2019 திசம்பரில் மக்களவையில் முன்வைக்கப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டத் திருத்த முன்வரைவு, இல்லப் பராமரிப்பு முகவர் நிறுவனங்களின் பதிவையும் பயிற்சி பெற்ற பணியாளர்களையும் கட்டாயமாக்க முனைந்தது. அது நிறைவேறாமல், 2024இல் மக்களவைக் கலைப்புடன் காலாவதியாயிற்று. 2025 சனவரியில் இந்திய உச்சநீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டவரைவு பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு நடுவண் அரசைப் பணித்தது.

பணியின் முடிவு

பிற வேலைகளில் பணி முடிவுக்கு முன்னறிவிப்பு உண்டு. இங்கு முதியவர் இறக்கும் நாளே பணியின் கடைசி நாள். மூன்று, நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் உடனிருந்தவருக்கு இழப்புத் துயரமும் வருமான இழப்பும் ஒரே நாளில் நேர்கின்றன. ஈமச் சடங்கில் அவருக்கென ஓர் இடம் இல்லை. பல வீடுகளில் அன்றும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பவர் அவரே. முகவர் வழி வந்தவராயின் அடுத்த வீட்டுக்கு உடனே அனுப்பப்படலாம்; நேரடியாகச் சேர்ந்தவராயின் ஊர் திரும்பி, தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்துக் காத்திருப்பார். சில குடும்பத்தினர் ஒரு மாத ஊதியமும் இறந்தவரின் புடவைகளும் கொடுத்து அனுப்புகின்றனர். இது வழக்கமேயன்றி விதி அன்று.