நெவின்ஸ் என்னும் பெயர்

பிள்ளைக்குப் பெயரிடுதல் பெற்றோரின் உரிமை. தமிழர் நடுவே அது பாட்டன் வழி வரும் உரிமையுமாகும். பாட்டனின் பெயரைத் தாங்குகின்றவன் ஆதலினாலேயே மகனின் மகன் பேரன் எனப்பட்டான். ஆயினும், யாழ்ப்பாணத்திலே ஒரு காலத்தில், தந்தையும் அல்லாமல் பாட்டனும் அல்லாமல், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒருவர் ஒரு பிள்ளையின் பெயரைத் தெரிவு செய்யும் வழக்கம் இருந்தது. அவர் அப்பிள்ளையின் முகத்தைக் கண்டவரும் அல்லர். அவனுடைய ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்க அறிந்தவரும் அல்லர். அவ்வழக்கத்தின் வழியாக நம்மவரிடையே வந்து சேர்ந்த அரிய பெயர்களுள் ஒன்று நெவின்ஸ் என்பது. அதன் வரலாற்றை இம்மலரிலே ஆராய விரும்புகின்றோம்.

இந்து வாலிபர் சங்கத்தின் மலரில் இப்படியொரு பெயருக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் கேட்கலாம். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவருட் பலர் மிஷன் பாடசாலைகளிலே கற்றவர்கள். நாமும் அவ்வாறு கற்றவர்களே. ஒருவரின் முன்னோர் பெயரோடு ஆங்கிலச் சொல் ஒன்று ஒட்டியிருப்பதைக் கேட்டவுடன், “அவர்கள் வேதக்காரரோ?” என்று வினவுவது நம் வீடுகளிலே பழகிப்போன ஒன்று. பெயரைக் கொண்டு சமயத்தை அளக்கும் இவ்வழக்கம் எவ்வளவு தூரம் சரியானது? நெவின்ஸ் என்னும் பெயர் இதற்குத் தக்க விடை தருகின்றது.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களது பணி தொடங்கியது. பிள்ளைகளைத் தம்மோடு வைத்து உணவும் உடையும் கல்வியும் கொடுக்கும் விடுதிப் பாடசாலைகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. டானியல் பூவர் அதன் முதல் அதிபரானார். மறு ஆண்டில் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. கணிதம், வானசாஸ்திரம், தருக்கம், ஆங்கிலம் என்பவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியங்களும் செமினரியிலே கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில் ஆசியாவிலேயே அத்தகைய கல்வி நிலையங்கள் மிகச் சிலவே.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலுள்ள சபைகளும், மாதர் கழகங்களும், ஞாயிறு பாடசாலைச் சிறுவர்களும் சிறுகச் சிறுகச் சேர்த்து அனுப்பிய பணமே அது. ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொள்வோர் அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம் என்பது ஏற்பாடு. கொடையாளர் சிலர் தம் பெயரைக் கொடுத்தனர். சிலர் தம் சபைக் குருவின் பெயரையும், வேறு சிலர் இறந்துபோன தம் உறவினரின் பெயரையும் கொடுத்தனர். இங்கே கந்தனும் வேலுப்பிள்ளையும் ஆக வந்த சிறுவர்கள் பாடசாலை இடாப்பிலே கறல், வைமன், ஆர்னல்ட், நெவின்ஸ் ஆயினர்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இப்பெயர் ஞானஸ்நானத்தின்போது மட்டும் இடப்பட்ட பெயரன்று. விடுதியிலே சேர்க்கப்பட்டு, கொடையாளர் ஒருவருக்கென ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு, அவன் மதம் மாறு முன்னரே இப்பெயர் கிடைத்தது. பிற்காலத்தில் அவன் கிறிஸ்தவனாகலாம், ஆகாமலும் விடலாம். பெயர் மட்டும் அவனோடு நின்றது. ஆகவே, அக்காலத்து ஆங்கிலப் பெயரைக் கண்டவுடன் “இவர் மதம் மாறியவர்” என்று முடிவு கட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அது பல வேளைகளில் யார் பணம் கொடுத்தார் என்பதைக் காட்டுமேயன்றி, யார் எதை நம்பினார் என்பதைக் காட்டாது.

இனி நெவின்ஸ் என்னும் பெயருக்கு வருவோம். வில்லியம் நெவின்ஸ் என்ற பெயருடைய பிரெஸ்பிட்டேரியன் குரு ஒருவர் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரிலே பணியாற்றி 1835இல் மறைந்தார். அமெரிக்கச் சபையாருக்கு அது நன்கு அறிமுகமான பெயர். அதே பெயரை வட்டுக்கோட்டைச் செமினரியிலே தாங்கிய தமிழ் மாணவர் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை. இவர் பின்னர் கணிதத்திலும் தருக்கத்திலும் வல்ல ஆசிரியராக விளங்கினார். மேனாட்டுத் தருக்க நூல்களின் முறையைத் தழுவி ‘நியாய இலக்கணம்’ என்னும் நூலைத் தமிழிலே எழுதினார். 1862இல் வெளிவந்த வின்சிலோவின் தமிழ் அகராதிக்கு உதவிய தமிழறிஞர்களுள்ளும் இவர் ஒருவர். கொடையாளரின் விருப்பத்தால் வந்த பெயர், இவரது உழைப்பினாலே தமிழ்நூல் ஒன்றின் ஆசிரியர் பெயராயிற்று.

கதை இத்துடன் முடியவில்லை. 1880களிலே நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை யாழ்ப்பாண நகரில் ‘நேற்றிவ் ரவுண் ஹைஸ்கூல்’ என்ற ஆங்கிலப் பாடசாலையை நிறுவினார். அப்பாடசாலை கைமாறி, 1890இல் சைவபரிபாலன சபையாரிடம் வந்தது. அதுவே வளர்ந்து வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாது ஆங்கிலம் கற்க வேண்டும் என்ற பெருவிருப்பத்தின் பயன் அக்கல்லூரி. அதன் ஆரம்ப காலத்திலே தலைமை ஏற்று, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1926 வரை அதை நடத்தியவர் நெவின்ஸ் செல்வதுரை, சிதம்பரப்பிள்ளையின் மைந்தர். 1897 ஜனவரியில் கொழும்பிலே வந்திறங்கி, கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்ற சுவாமி விவேகானந்தர் வேதாந்தம் பற்றிப் பேருரை நிகழ்த்தியது இதே இந்துக் கல்லூரியிலேயாம். அமெரிக்காவிலே வேதாந்தத்தை முழங்கித் திரும்பிய துறவி, அமெரிக்காவிலிருந்து வந்த பெயரைத் தாங்கிய தலைமையாசிரியரின் கல்லூரியில் நின்று பேசினார். இதனினும் பொருத்தமான காட்சியை வரலாறு நமக்குத் தருமோ?

செல்வதுரையின் பெயர் அமைந்த முறையையும் நோக்குக. நெவின்ஸ் என்பது இங்கே குடும்பப் பெயராகப் பின்னே நிற்கவில்லை. தந்தை பெயராக முன்னே நிற்கின்றது. தமிழர் தந்தை பெயரை முன்வைத்துத் தம் பெயரைப் பின்வைப்பர். அவ்வழக்கத்துக்கு அமெரிக்கப் பெயரும் பணிந்துவிட்டது. நெவின்ஸின் மகன் செல்வதுரை என்பதே அதன் பொருள். கொடுத்தவர்கள் எண்ணாத ஒரு மாற்றம் இது. அவர்கள் ஒரு தமிழ்ப் பிள்ளையை அமெரிக்கப் பெயருக்குள் அடக்கினர். தமிழ் மரபோ அந்த அமெரிக்கப் பெயரைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

இப்பெயர் அரிதானதன் காரணமும் இதுவே. மிஷனிலிருந்து வந்த பெயர்கள் இரு வழியிலே சென்றன. சில குடும்பங்கள் மேனாட்டு முறைப்படி அவற்றைக் குடும்பப் பெயராக்கின. நைல்ஸ், ரொக்வூட் என்பன அத்தகையன. அவை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, நாடறிந்த பெயர்களாயின. சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக இருந்த வைத்தியர் ரொக்வூட்டையும், உலகத் திருச்சபை இயக்கத்திலே புகழ்பெற்ற டி. ரி. நைல்ஸையும் அறியாதார் யார்? தமிழ் முறைப்படி தந்தை பெயராக நின்றவையோ, ஒரு தலைமுறை கழிந்ததும் மறையும் இயல்பின. மகனுக்குத் தந்தை பெயர் முன்னெழுத்து. பேரனுக்கு அவ்வெழுத்தும் இல்லை. நெவின்ஸ் என்ற பெயர் பெருகாமைக்குக் காரணம் யாரும் அதை வெறுத்ததன்று. நம் பெயர்மரபு அதைப் பெருகவிடவில்லை.

இதே வரிசையில் வேறு சிலரையும் நினைவு கூர்தல் தகும். கறல் விசுவநாதபிள்ளை சைவத்தை எதிர்த்து எழுதியவர்; பின்னாளிலே சைவத்துக்கே திரும்பினார். கறல் என்ற பெயர் இரு காலத்திலும் அவரோடு இருந்தது. அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள். சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துச் சைவராக வாழ்ந்தார். அவர் மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகையின் ஆசிரியர். கிறிஸ்தவராகவே நின்று, 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதித் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைக் காத்தார். இருபதாம் நூற்றாண்டிலே காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணம் அழைத்த வாலிபர்களுக்குத் தலைநின்ற ஹன்டி பேரின்பநாயகம், கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். இவர்களுட் சைவர் உளர், கிறிஸ்தவரும் உளர். பெயரைக் கொண்டு எவரையும் பிரித்தறிய இயலாது.

இவ்வாறு கூறுவதனால் அவ்வழக்கத்தை முற்றும் நியாயப்படுத்துகின்றோம் என்று கொள்ளற்க. பெயர் மாற்றம் நம் சமயத்துக்குப் புதிதன்று. மருணீக்கியார் சமணத்திலே தருமசேனர் ஆகி, சைவத்துக்கு மீண்டு நாவுக்கரசர் ஆனார். காரைதீவிலே பிறந்த மயில்வாகனம் 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். மார்கரெட் நோபிள் 1898இல் நிவேதிதை ஆனார். இவர்கள் எல்லாம் அறிவு முதிர்ந்து, தாம் தெரிந்த நெறிக்கு அடையாளமாகப் புதுப்பெயரை ஏற்றவர்கள். செமினரிக்கு வந்த சிறுவனை யாரும் கேட்கவில்லை. அவனுடைய வறுமையும் கல்வி வேட்கையுமே அவனுக்காகச் சம்மதம் கூறின. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, பார்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து, ஆறுமுகமாகவே வெளிவந்தார். பெயரை மாற்றாமலும் கல்வி கொடுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மிஷன் பாடசாலைகள் தந்த கல்விக்கு நாம் நன்றியுடையோம். அந்நன்றி இக்குறையைக் கூறுவதற்குத் தடையாகாது. இக்குறையும் அந்நன்றியை மறப்பதற்குக் காரணமாகாது.

இந்நாளில் நம் பிள்ளைகளின் பெயரை அமெரிக்கச் சபையார் தெரிவதில்லை. எண்சாத்திரம் தெரிகின்றது, திரைப்படம் தெரிகின்றது, பிறநாட்டு நாவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் தெரிகின்றது. பாட்டனின் பெயரைத் தாங்கும் பேரர்கள் அருகி வருகின்றார்கள். அந்நியர் இட்ட பெயரை நகைக்கும் நாம், நாமே இடும் பெயருக்குப் பொருள் கேட்டால் விடை சொல்ல வல்லோமா?

ஆதலின் வாலிபர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. உங்கள் வீட்டுப் பழைய உறுதிகளிலும் சாதகக் குறிப்புகளிலும் ஆங்கிலப் பெயர் ஒன்று தென்படின், அதை மறைக்கவும் வேண்டா, அதற்காக நாணவும் வேண்டா. பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேட்டு, அதற்கு முன்னிருந்த தமிழ்ப் பெயரையும் அதனருகே எழுதி வையுங்கள். பெரியோரிடம் நாம் வேண்டுவதும் ஒன்று உண்டு. சங்கத்தை நாடிவரும் இளைஞனின் பெயர் செவிக்குப் புதிதாயிருந்தால், அவன் எந்தப் பக்கத்தவன் என்று கேட்குமுன், அவன் செய்யவிருக்கும் தொண்டைப் பாருங்கள். இந்துக் கல்லூரியை வளர்த்தவரின் பெயர் நெவின்ஸ் என்பதை நம் சங்கம் மறவாதிருப்பதாக.